செலக்ட் ஆன காடு

எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. அதற்குள் பெயருக்கு முன்னால் 'ஓய்வுபெற்ற' என்று போட்டு என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக எடுக்கப்பட்ட பிள்ளைகளின் குழு அது. "அக்கா, காட்டுக்குள்ள போய் நின்னா என்ன செய்யணும்னு யாருமே ஒழுங்காச் சொல்லல. நீங்க எழுதுங்களேன்" என்று ஒருத்தி கேட்டாள். "அக்காதான் ரிட்டயர்டு ஆயிட்டாகள்ல, நேரம் கெடக்கும்" என்று இன்னொருவன் சிரிப்புப் பொம்மை போட்டான்.

நேரம் கிடக்கத்தான் செய்கிறது. தெம்புதான் இல்லை. ஆறு வருடம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே உள்ள வண்டிப்பாதைகளில் ஸ்கூட்டி ஓட்டிய முதுகு இப்போது உட்கார்ந்தாலும் வலிக்கிறது, படுத்தாலும் வலிக்கிறது. இனி வானத்திலிருந்து படம் எடுத்தே விளைச்சலைச் சொல்லிவிடலாம், ஆட்கள் பாதி போதும் என்று எங்கள் ஏஜென்சியில் பேச்சு கிளம்பியது. அந்தப் பாதியில் நான் இருப்பேனா என்று காத்திருக்கவும் சலிப்பாக இருந்தது. நானே விட்டுவிட்டேன். கயிற்றையும் தராசையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

கேட்ட பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே கடைசிவரை யாருக்கும் அது புரியவில்லை.

ஒரு ஊரில் மக்காச்சோளம் எவ்வளவு விளைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். எல்லாக் காட்டையும் அறுத்து எடை போட யாராலும் ஆகாது. (மானாவாரி நிலத்துக்கு எங்கள் பக்கம் காடு என்றுதான் பெயர். மரம் தேட வேண்டாம்.) அதனால் குலுக்கல் போட்டு ஊருக்கு நான்கு காடுகளை எடுப்போம். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் மட்டும் அறுத்து, மணியை உதிர்த்து எடை போடுவோம். அந்த நான்கின் சராசரிதான் ஊரின் சராசரி. பயிர்க் காப்பீட்டில் ஒரு அளவு குறித்து வைத்திருப்பார்கள். சராசரி அதற்குக் கீழே போனால் ஊருக்கே இழப்பீடு. மேலே நின்றால் ஒருவருக்கும் கிடையாது. என் காடு மட்டும் தனியாகக் காய்ந்துவிட்டது என்று யாரும் போய் நிற்க முடியாது. ஊரோடுதான் பிழைப்பு, ஊரோடுதான் சாவு.

நான்கு சதுரத்தை வைத்து ஒரு ஊரைச் சொல்லலாமா? கல்லூரியில் புள்ளியியல் படித்த காலத்தில் இந்தக் கேள்விதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது. சராசரி என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது, அதற்கு இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று ஒரு எல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பாடம். இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து எல்லை போட்டுக்கொண்டே போனால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை உண்மையான சராசரி அந்த எல்லைக்குள் அகப்பட்டிருக்கும். இதற்கு 'நம்பிக்கை இடைவெளி' என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதினார். "நம்பிக்கையில இடைவெளி விழுந்தா குடும்பம் நடத்த முடியுமா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. நான் மட்டும் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பாலவனத்தம் நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் பஸ் வரும் நேரத்துக்கு எல்லை போட்டு அம்மாவிடம் சொல்வேன். "பஸ்ஸு வந்தா ஏறு, வரலைன்னா நில்லு. இதுல என்னடி கணக்கு?" என்பாள்.

அம்மா இந்தப் பக்கத்துக் காடுகளில் களை எடுத்தவள். இப்போது பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். அதே காடுகளில் நான் கயிறு பிடித்துக்கொண்டு, "யாரும் உள்ள வராதீங்க" என்று சொல்லும்போது சில முகங்கள் மாறும். "எந்த ஊரு தாயி? யாரு மக?" என்று கேட்பார்கள். பதில் சொல்வேன். சிலர் அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டுமா என்று கேட்க மாட்டார்கள். பையில் எப்போதும் பாட்டில் வைத்திருந்தேன். புதிதாக வரும் பிள்ளைகளும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேலதிகாரி ஜெரினா மேடம். வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். திருச்சுழியில் ஒரு உரக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அலுவலகம். என்னைவிடப் பத்து வயதுக்குள்தான் மூப்பு இருக்கும், ஆனால் குரலில் எப்போதும் சாயங்காலக் களைப்பு இருக்கும். திட்டவே மாட்டார். திட்டினால் தேவலை என்று நினைக்க வைப்பார். காட்டிலிருந்து திரும்பி வந்து எடையைச் சொன்னால் காதில் வாங்க மாட்டார். "அது கிடக்கட்டும். எந்த மூலையில நின்ன?" என்று ஆரம்பிப்பார்.

தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும். அங்கிருந்து, குலுக்கலில் வந்த எண்ணுக்குத் தக்கபடி நீளவாக்கில் சில அடிகள், பிறகு குறுக்குவாக்கில் சில அடிகள். கால் போய் நின்ற இடத்தில் முதல் முளைக்குச்சியை அடிக்க வேண்டும். அது பாறையாக இருந்தாலும், கறையான் புற்றாக இருந்தாலும், ஊரிலேயே செழித்த இடமாக இருந்தாலும் அங்கேதான். நடக்கும்போது யார் கூட நடந்தார்கள், யாராவது பேச்சுக் கொடுத்தார்களா, பேச்சில் அடி மாறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். மனசுக்குள் மறுபடி அந்தக் காட்டுக்குப் போய் நடந்து காட்டினால்தான் எடையைக் கேட்பார். காலையில் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, கயிற்றை டேப்போடு வைத்துப் பார்ப்பது. "நேத்துச் சரியா இருந்துச்சு மேடம்" என்றால், "நேத்து நீயும்தான் நல்லா இருந்த" என்பார்.

சதுரத்தைச் சுற்றிக் கட்டும் கயிற்றின் மேலேயே ஒரு செடி நின்றால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். தூர் உள்ளே இருந்தால் அது நம் செடி. தலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கவலை இல்லை. தூர் வெளியே இருந்து, கதிர் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தால் விட்டுவிட வேண்டும். அது பெரிய கதிராக இருக்கும். கை துறுதுறுக்கும். விட்டுவிட வேண்டும்.

மேடத்துக்குப் பிடிக்காத ஒரே சொல் 'சுமாரா'. "சுமாரா மூணு கிலோ மேடம்" என்று யாராவது சொல்லிவிட்டால், "சுமாருக்கு இந்தப் பக்கம் எம்புட்டு, அந்தப் பக்கம் எம்புட்டு?" என்பார். எனக்கு அது அமுதமாக இருந்தது. கல்லூரிக்கு வெளியே எல்லை கேட்கிற ஒரு மனிதர்! ஆனால் அவர் கேட்பது எங்களிடம் மட்டும்தான். மேலே அனுப்பும் ஆப்பில் ஒரு சதுரத்துக்கு ஒரு எண், ஊருக்கு ஒரு எண். அவ்வளவுதான் இடம். முதல் வருடமே நான் சண்டை போட்டேன். "எல்லை எழுத இடமே இல்லையே மேடம்?" மேடம் ஜன்னல் வழியாக உரமூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு, "நாமளாவது தெரிஞ்சு வச்சுக்குவோம்" என்றார். ஐந்து வருடம் அதே பதில்தான். ஆறாவது வருடம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

விவசாயிகளைப் பொறுத்தவரை ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபடும். காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். செழித்த இடத்துப் பக்கம் கால் போனால், "அங்கிட்டுப் போகாதீக மேடம், பாம்பு கெடக்கு" என்பார்கள். எங்கள் தாலுகாவில் எனக்குச் சொல்லப்பட்ட பாம்புகள் எல்லாம் உண்மை என்றால் மனிதர் குடியிருக்க இடம் இருக்காது. அத்தனையும் நல்ல விளைச்சல் உள்ள இடத்தில்தான் வசித்தன. கோபமே வராது. அவர்கள் நிலையில் நானும் ஒரு பாம்பைக் காட்டியிருப்பேன். ஆகவே சராசரியைக் கீழே இழுக்கப் பார்க்கிறவர்களைச் சமாளிக்க எங்களுக்குத் தெரியும். மேலே இழுத்தவர் ஒருவர்தான். அவர்தான் வெள்ளைச்சாமி.

ஊர்ப் பெயர் வேண்டாம். திருச்சுழியிலிருந்து உள்ளே போகும் பஸ் ரோட்டை ஒட்டிய ஊர். அந்த வருடம் ஐப்பசியில் ஆசை காட்டிய மழை கார்த்திகையில் நின்றுபோனது. இடுப்பு உயரத்துக்கு வந்த மக்காச்சோளம் அப்படியே நின்று வெளுத்தது. குலுக்கலில் வந்த நான்கு காடுகளில் ஒன்று வெள்ளைச்சாமியுடையது. ரோட்டோரத்திலேயே இருந்தது. தேர்வான எல்லாருக்கும் செல்போனில் ஒரு செய்தி போகும். 'தங்கள் நிலம் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளது.'

அந்தப் பருவத்தில் மட்டும் ஏஜென்சி புதிதாக ஒன்று சொன்னது. கதிர் பிடிக்கும் சமயத்திலேயே போய்ச் சதுரத்துக்கு முளை அடித்து, படம் எடுத்து அனுப்பிவிட வேண்டுமாம். "முன்னாடியே காட்டிக் குடுக்கிற மாதிரில்ல இருக்கு" என்று மேடம் முனகினார். சொன்னதைச் செய்தோம். வெள்ளைச்சாமி காட்டில் நான் முளை அடித்த அன்று அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரு பாம்பைப் பற்றியும் பேசவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். விசித்திரமான மனிதர் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அறுப்புக்குப் போனபோது முதல் மூன்று சதுரங்களும் ஒரே மாதிரி இருந்தன. மூன்று கிலோ, இரண்டு கிலோ, மூன்று கிலோ. காப்பீட்டில் குறித்த அளவை எங்கள் சதுரத்துக்கு மாற்றினால் நாலரை கிலோ வரும். ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. காய்ந்த காட்டை வைத்துக்கொண்டு என்ன சந்தோஷம்? ஆனாலும் கடைசிச் சதுரத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

வெள்ளைச்சாமி இன்னொரு ஆளையும் கூட்டி வந்திருந்தார். மல்லாங்கிணற்றுக்காரர். வெள்ளைச்சாமியின் மகளை அவர் மகனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று, வெள்ளைச்சாமியை மாமா என்று கூப்பிடும் உள்ளூர்க்காரர் சீனியப்பன் என் காதில் சொன்னார். "இன்னும் வெத்தல பாக்கு மாத்தல. அதுக்குள்ள சம்பந்தியக் கூட்டியாந்து வெள்ளாம காட்டுறாரு பாருங்க."

காட்டுக்குள் போனோம். சுற்றிலும் வெளுத்துக் கிடக்க, நடுவில் நான் முளை அடித்த இடத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குச் சோளம். தட்டையில் இன்னும் பச்சை இருந்தது. கதிர் முழங்கை நீளம். அந்தப் பச்சை, சதுரத்தைத் தாண்டி ஓரடி போய், அளவெடுத்து வெட்டியதுபோல நின்றது.

அறுத்தோம். முளை அடித்ததை அறுக்க வேண்டும் என்பதுதான் முறை. உதிர்த்தோம். தராசில் வைத்தேன்.

"பன்னண்டு கிலோ" என்றேன்.

வெள்ளைச்சாமி மல்லாங்கிணற்றுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் மகன் முதல் பரிசு வாங்கும்போது தகப்பன் முகம் அப்படி இருக்கும்.

சீனியப்பன் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். "மூணும் ரெண்டும் அஞ்சு, மூணு எட்டு, பன்னண்டு இருவது. நாலுல வகுத்தா அஞ்சு. ஏலே, அஞ்சுலே! நாலரைக்கு மேல போயிருச்சுலே!" பக்கத்தில் நின்றவனை உலுக்கினார். பிறகு வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினார். "ஏன் மாமா, ஊருக்கெல்லாம் பெய்யாத மழை ஒனக்கு மட்டும் எந்தச் சாமி பெஞ்சது? அதுவும் சதுரமாப் பெஞ்சிருக்கு?"

"செலக்ட் ஆன காடுய்யா. அப்பிடித்தான் இருக்கும்."

"அந்தச் செலக்ட்ல ஊரே போச்சுய்யா!"

கூட்டத்தில் சத்தம் ஏறியது. நான் மேடத்துக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வரும்வரை கைப்பேசியில் எல்லையைப் போட்டுப் பார்த்தேன். நான்கே நான்கு அளவு, அதில் ஒன்று எங்கோ தனியாக நிற்கிறது. எல்லை அகன்றுகொண்டே போயிற்று. மேலே பன்னிரண்டரை கிலோ. கீழே பூச்சியத்தையும் தாண்டி மைனஸ் இரண்டரை.

"என்ன தாயி பாக்குறீக?" என்று சீனியப்பன் எட்டிப் பார்த்தார். சொன்னேன்.

"மைனஸ்னா?"

"பூச்சியத்துக்குக் கீழ."

"பூச்சியத்துக்குக் கீழ சோளமா? அப்ப நாங்கல்ல காட்டுக்குக் குடுக்கணும்?"

சிலர் சிரித்தார்கள். பின்னால் ஒரு அம்மா, "குடுக்காமயா இருக்கோம்? வெதை, உரம், உழவு எல்லாம் யாரு குடுத்தது?" என்றாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மேடம் யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். நான் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் மூச்சுவிடாமல் பேசினேன். "மேடம், நாலரை இந்த எல்லைக்குள்ளயே கெடக்கு. ஊரு மேலயா கீழயான்னு இத வச்சுச் சொல்லவே முடியாது. அஞ்சுன்னு அனுப்புனா அது பொய்."

"சரிதான். ஆப்புல எத எழுதுவ?"

"அஞ்சு."

"ம்."

"அப்ப இந்தச் சதுரத்தத் தள்ளிருவோம் மேடம். பாத்தாலே தெரியுதே, மத்த மூணோட சேரவே இல்ல."

மேடம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "அதிகமா வந்துச்சுங்கிறதுக்காகத் தள்ள முடியாது மாரி. நெசமாவே நல்லா வெளஞ்ச காடும் இந்த ஊருதான். இன்னைக்குக் கூடிப்போச்சுன்னு நாம ஒண்ணத் தள்ளுனா, நாளைக்குக் கொறஞ்சு போச்சுன்னு இன்னொருத்தன் மூணத் தள்ளுவான். நமக்குப் பிடிக்காத நம்பரத் தள்ளுறதுக்கு இம்புட்டு தூரம் நடந்து முளை அடிக்க வேணாம்." முளைப் பக்கம் திரும்பினார். "முளை அடிச்சதுக்குப் பெறகு அந்த எடத்த மட்டும் தனியாக் கவனிச்சிருந்தா அது வேற. தள்ளிரலாம். ஆனா அத அவருதான் சொல்லணும். ஊகத்துல எழுத மாட்டேன்."

இப்போது எல்லாம் வெள்ளைச்சாமி வாயில் இருந்தது. அவர் சொன்னால் ஊருக்கு வழி உண்டு. சொல்லாவிட்டால் ஐந்து என்று போய்விடும். மல்லாங்கிணற்றுக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் கூட்டத்தை அதட்டவில்லை. தண்ணீர் விட்டீர்களா என்றும் கேட்கவில்லை. எங்களிடம் கேட்பதுபோலவே கேட்டார்.

"அண்ணே, இந்தப் பிள்ள முளை அடிச்ச அன்னைக்கு நீங்க எங்க நின்னீக?"

"இந்தா, இங்கனதான். கெழக்க பாத்து."

"செய்தி வந்தப்ப?"

"வீட்ல. மகதான் வாசிச்சா. தேர்வு செய்யப்பட்டுள்ளதுன்னு. மறுபடி வாசிக்கச் சொன்னேன்." வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமினார். "மேடம், எங்க வீட்ல ஒண்ணு செலக்ட் ஆனதே இல்ல. நான் போலீசுக்கு ஓடுனேன். நெஞ்சளவு பத்தலன்னுட்டாக. மகன் எழுதாத பரிச்சை இல்ல. லிஸ்டு வந்தாப் பேரு இருக்காது. இப்ப கோயமுத்தூர்ல லோடு ஏத்துறான். மொத மொதல்ல காடு செலக்ட் ஆயிருக்கு. அதையும் காய விட்டா ஆபீஸ்ல என்ன நெனப்பாக? இவன் காட்டப் போயி எடுத்தோமேன்னு நெனைக்க மாட்டாகளா?"

 

"அதனால?" என்றார் மேடம். மிக மெதுவாக.

"டாங்கர்ல கொண்டாந்து விட்டேன். அது தீந்ததுக்குப் பெறகு நானும் வீட்லயும் கொடத்துல கொண்டாந்து ஊத்துனோம். அந்த எடத்துக்கு மட்டும். மத்ததுக்கு எங்க போக?"

 மேடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுபோலச் சொன்னார். "அண்ணே, நல்லா இருக்குன்னு பாத்து எடுக்கல. ஊர்ல உள்ள சர்வே நம்பரையெல்லாம் போட்டுக் குலுக்குனதுல வந்துச்சு. சீட்டு மாதிரி."

"சீட்டா?"

"சீட்டுதான்."

வெள்ளைச்சாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மல்லாங்கிணற்றுக்காரரை அவர் பார்க்கவே இல்லை. 'தேர்வு' என்கிற சொல்லை நான் பாடத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! எங்கள் பக்கம் ஒரு வீட்டில் அந்தச் சொல் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

வேலை முடிந்தபாடில்லை. ஒரு சதுரத்தைத் தள்ளினால் அடுத்த சர்வே எண்ணுக்குப் போக வேண்டும். அதில் அதே பயிர் விதைத்திருந்தால் அங்கே அறுக்க வேண்டும். விதைக்காவிட்டால் அதற்கும் அடுத்தது. மேடம் எண்ணைச் சொல்லி, "இது யாருது?" என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீனியப்பன்தான் கடைசியில் சொன்னார். இப்போது அவர் குரலில் முறுக்கு இல்லை. "அதுவும் மாமாவோடதுதான் மேடம். ஓடைக்கு அங்கிட்டு. ரோட்ல இருந்து பாத்தாத் தெரியாது."

"அதுல மக்காச்சோளம் வெதச்சீகளா அண்ணே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் அதற்கடுத்த எண்ணுக்குப் போயிருப்போம். விதைக்காமல் ஆடு மேயவிட்ட காடுகள் சுற்றிலும் கிடந்ததால் அதை நம்பியிருப்போம். அங்கே என்ன விதைத்தார் என்று மல்லாங்கிணற்றுக்காரருக்குத் தெரிந்திருக்காது. ஊர்க்காரர்களும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெள்ளைச்சாமி எழுந்து வேட்டியைத் தட்டினார். ஒரு தடவை மல்லாங்கிணற்றுக்காரரைப் பார்த்தார்.

"வெதச்சேன். வாங்க" என்று முன்னால் நடந்தார்.

அந்த ஊருக்குப் பிற்பாடு இழப்பீடு வந்து சேர்ந்தது. எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்தப் பகலில் ஓடையைத் தாண்டி நாங்கள் போன காட்டைத்தான் சொல்ல வேண்டும்.

செடிகள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தன. காற்று அடித்தால் காகிதச் சத்தம். தென்மேற்கு மூலையில் மேடமே நின்று நடந்தார். நான் கயிறு பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடுவதற்குள் வெள்ளைச்சாமி அதை எடுத்துக்கொண்டார். கயிற்றின் மேல் ஒரு செடி நின்றது. குனிந்து பார்த்து, "தூரு வெளிய இருக்கு தாயி" என்று அவரே விலக்கிவிட்டார். மல்லாங்கிணற்றுக்காரரை யாரும் கூப்பிடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடை மணலில் நடந்து அவரும் வந்து சேர்ந்திருந்தார்.

கதிர் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. பாதி மணி பிடிக்காத பொக்கு. உதிர்ப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சாக்கு விரித்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளித் தராசில் வைத்தேன். எண்ணைப் பார்த்து மேடத்திடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லு தாயி" என்றார் வெள்ளைச்சாமி. "பன்னண்டச் சத்தமாத்தான சொன்ன?"

"தொள்ளாயிரத்து நாப்பது கிராம்" என்றேன். 

 மேடம் கைப்பேசியில் படம் எடுத்தார். வெள்ளைச்சாமி சாக்கின் வாயைச் சுருட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் மல்லாங்கிணற்றுக்காரர் முதல் தடவையாக வாய் திறந்தார். என்னிடம்தான் கேட்டார்.

"மல்லாங்கிணறு பக்கம் எப்ப தாயி வாரீக?"

"அது என் பக்கம் இல்லைங்கய்யா. வேற ஆளு வருவாக."

"வர்றவுககிட்டச் சொல்லி விடு. எங்க காட்டுல ரோட்டோரம் கொஞ்சம் பச்சை தெரியும். அதப் பாத்துட்டுத் திரும்பிறாம, உள்ள வரச் சொல்லு."

சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமியின் கை நின்றது.

"உள்ள எப்பிடி?"

மல்லாங்கிணற்றுக்காரர் குனிந்து, தராசுத் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த நாலைந்து மணிகளைத் துடைத்துச் சாக்குக்குள் போட்டார்.

"இதவிட ஒரு கைப்பிடி கூடும். அம்புட்டுத்தான்."